ரூட் கெனால் முடிந்த பிறகும் பல் வலிப்பது ஏன்? கால்வாயைக் கழுவும் முறைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு

ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மறுநாள் பல் மருத்துவரை அழைத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நரம்பையே எடுத்துவிட்டீர்கள், பிறகு எப்படி வலிக்கிறது?" கேள்வி நியாயமானது. அதற்குச் சரியான விடை கிடைக்காதபோது, சிகிச்சை தவறிவிட்டது என்று எண்ணி மருத்துவரை மாற்றுபவர்களும், மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குபவர்களும், பல்லையே பிடுங்கச் சொல்பவர்களும் உண்டு.

இந்த வலியில் பெரும்பகுதி எதிர்பார்க்கத்தக்கது; சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் அது எவ்வளவு இருக்கும் என்பதை நிர்ணயிக்கும் காரணங்களுள், நோயாளி வாயைத் திறந்து படுத்திருக்கும்போது அதிகம் கவனிக்காத ஒரு வேலைக்கும் பங்கு உண்டு. வேருக்குள் ஓடும் நுண்ணிய கால்வாயை மருந்து நீரால் கழுவும் வேலை அது. லேசர், அல்ட்ராசோனிக் என்ற பெயர்களில் இந்தக் கழுவுதலுக்குப் புதிய கருவிகள் வந்து, "வலியில்லாத ரூட் கெனால்" என்ற விளம்பரங்களும் பெருகியிருக்கும் நிலையில், இவற்றில் எது எதற்குப் பயன்படுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது அவசியமாகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

பல்லின் நடுவே பல்கூழ் என்னும் மென்மையான திசு இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் அதில் அடக்கம். வேரின் கால்வாய் வழியாக இறங்கி, வேர் நுனியில் உள்ள சிறு துளை வழியே அது தாடை எலும்போடு இணைகிறது. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் கூழை எட்டும்போது அது வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீக்கத்துக்கு இடமில்லாமல் விண்விண்ணென்று தெறிக்கும் வலி உண்டாகிறது. வேர்ச் சிகிச்சையில் இந்தக் கூழ் முழுவதும் அகற்றப்படுகிறது. ஆகவே, பல்லுக்கு உள்ளே வலியை உணர இனி எதுவும் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் பல் எலும்பில் நேரடியாகப் புதைந்திருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மி.மீ. தடிமனுள்ள நார்களால் ஆன ஓர் இணைப்புத் திசு, பல்லைச் சுற்றிலும் தாங்கிப் பிடித்திருக்கிறது. இந்தத் திசுவுக்குத் தனி நரம்புகள் உண்டு. வேர்ச் சிகிச்சை அவற்றைத் தொடுவதில்லை, தொடவும் கூடாது. சிகிச்சைக்குப் பிந்தைய வலி பெரும்பாலும் இங்கிருந்தே, குறிப்பாக வேர் நுனியைச் சுற்றிய பகுதியிலிருந்தே வருகிறது. இந்த மாற்றத்தை நோயாளிகளே உணர முடியும். சிகிச்சைக்கு முன்பு "இந்தப் பக்கம் முழுவதும் வலிக்கிறது, எந்தப் பல் என்று தெரியவில்லை" என்றவர், சிகிச்சைக்குப் பின் ஒரு பல்லை விரலால் தொட்டு, "கடித்தால் இதுதான் வலிக்கிறது, பல் மேலே எழும்பின மாதிரி இருக்கிறது" என்பார். கூழின் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகக் காட்டும் திறன் குறைவு. வேரைச் சுற்றிய திசுவின் நரம்புகளுக்கு அது மிகுதி. பல் எழும்பியது போன்ற உணர்வும் பிரமை இல்லை. அந்த 0.2 மி.மீ. இடைவெளியில் நீர் கோத்தால், பல் மயிரிழை அளவு மேலே தள்ளப்பட்டு, வாயை மூடும்போது மற்ற பற்களுக்கு முன்னே போய் இடிக்கிறது.

நுனித் திசு புண்படுவதற்குக் காரணங்கள் மூன்று.

1. கருவியால் ஏற்படும் காயம்: கால்வாயைச் சுரண்டும் மெல்லிய ஃபைல் நுனித் துளையைத் தாண்டிச் சென்றுவிடுவது.
2. வேதிப்பொருளால் ஏற்படும் எரிச்சல்: கழுவும் நீரோ, அடைக்கும் பசையோ நுனிக்கு வெளியே கசிவது.
3. கிருமிகளும் கழிவும்: கால்வாயில் இருந்த பாக்டீரியாக்கள், அழுகிய திசு, சுரண்டிய பல்துகள் ஆகியவை நுனி வழியே வெளியே தள்ளப்படுவது. எந்த வகை ஃபைலைப் பயன்படுத்தினாலும் இது ஓரளவு நிகழவே செய்யும். முற்றிலும் தவிர்க்கும் முறை இன்றுவரை இல்லை.

இந்த மூன்றில் பின்னிரண்டும் கழுவும் முறையோடு நேரடியாகத் தொடர்புடையவை.

எத்தனை பேருக்கு, எவ்வளவு நாள்?

பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சிகிச்சைக்கு முன் 81 விழுக்காட்டினருக்கு வலி இருந்தது. சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்தில் அது 40 விழுக்காடாகவும், ஒரு வாரத்தில் 11 விழுக்காடாகவும் குறைந்தது. வலியின் கடுமையும் அவ்வாறே. 100 புள்ளி அளவுகோலில் 54 ஆக இருந்தது ஒரு நாளில் 24 ஆகவும், ஒரு வாரத்தில் 5 ஆகவும் இறங்கியது. ஆக, முதல் நாள் வலிப்பது பத்தில் நான்கு பேருக்கு நிகழ்வதே. நாளுக்கு நாள் வலி இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதிலிருந்து வேறுபட்டது திடீர்க் கொந்தளிப்பு. சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வலி கடுமையாகி, சிலருக்கு முகமும் வீங்கி, முன்பதிவின்றி மருத்துவமனைக்கு ஓடவேண்டிய நிலை இது. சிறுபான்மையினருக்கே ஏற்படும். சிகிச்சைக்கு முன்பே கடும் வலி இருந்தவர்களுக்கும், கூழ் இறந்துபோய்த் தொற்று முற்றிய பற்களுக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம்.

ஃபைல் தொடாத இடங்கள்

வேர்க் கால்வாயை நேரான குழாய் என்று நினைத்துக்கொள்வதே பல குழப்பங்களுக்கு மூலம். உண்மையில் அது தட்டையாகவும், வளைந்தும், பக்கக் கிளைகளோடும், இரு கால்வாய்களை இணைக்கும் மெல்லிய பிளவுகளோடும் இருக்கும். பல்லின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் நுணுக்கமாகக் காட்டும் நுண்-சிடி படங்கள் வழியாக ஆராய்ந்தபோது, நவீனச் சுழலும் ஃபைல்களைப் பயன்படுத்திய பிறகும் கால்வாய்ச் சுவரில் 35 விழுக்காடோ அதற்கும் மேலோ கருவி படாமலேயே விடுபட்டிருப்பது தெரியவந்தது. எஞ்சிய இடத்தை எட்டக்கூடியது திரவம் மட்டுமே.

அந்த எஞ்சிய இடம் ஏன் முக்கியம் என்பதை 1965-இல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டேன்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் எலிகளைக் கொண்டு காட்டினர். சாதாரண எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது அது அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிடம் அதே காயம் தானே ஆறியது. நோய்க்கு மூலம் கிருமிதான் என்பதை ஐயமற நிறுவிய சோதனை அது. கிருமியைக் குறைப்பதே வேர்ச் சிகிச்சையின் நோக்கமென்றால், கழுவுதலைச் சிகிச்சையின் மையப் பணியாகவே கருத வேண்டும்.

எந்த நீர், எதற்கு?

பெரும்பாலான சிகிச்சைகளில் முதன்மையாகப் பயன்படுவது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவங்களிலும் உள்ள அதே வேதிப்பொருள். முதல் உலகப் போரின்போது, 1915-இல், பிரான்சில் போர்க்காயங்களைக் கழுவுவதற்காக ஹென்றி டாகின் 0.5 விழுக்காடு கரைசலை உருவாக்கினார். பின்னர் அது பல் மருத்துவத்துக்கு வந்தது. இன்று 0.5 முதல் 6 விழுக்காடு வரை பயன்படுத்துகிறார்கள். கிருமியைக் கொல்வதோடு, இறந்த திசுவைக் கரைக்கவும் இதனால் முடியும். கரைக்கும் வேலை நடக்கும்போது அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தெளிவாக உள்ளே போகும் நீர், பல்லின் திறந்த அறையில் சிறு குமிழ்களாகப் பொங்கி, கலங்கி வெளியே வரும். குமிழ் அடங்கி நீர் தெளியும்வரை புதுநீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள், ஏனெனில் திசுவோடு வினைபுரிந்த குளோரின் தீர்ந்துபோகிறது. பழைய நீர் உள்ளே தேங்கிக் கிடப்பதால் பயன் இல்லை.

17 விழுக்காடு இ.டி.டி.ஏ. கரைசலுக்கு வேறு வேலை. ஃபைல் சுரண்டும்போது சுவரில் அப்பிக்கொள்ளும் துகள் படலத்தை அது நீக்குகிறது. நார்வே பல் மருத்துவர் நிகார்டு-ஆஸ்ட்பி இதை 1957-இல் அறிமுகப்படுத்தினார். 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்லும், ஆனால் திசுவைக் கரைக்காது. எனவே ஹைப்போகுளோரைட்டுக்கு மாற்றாக அதை மட்டும் நம்ப முடியாது. இவ்விரண்டும் கால்வாய்க்குள் கலந்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகிக் கால்வாயை அடைக்கும். இடையில் உப்புநீரால் கழுவுவது அதனால்தான். உப்புநீர் எரிச்சல் தராது என்றாலும், கிருமிக்கு எதிராக அதற்கு ஆற்றல் இல்லை.

ஊசி முனையில் நடப்பது

இந்த நீரை உள்ளே செலுத்த உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது சாதாரண சிரிஞ்சும் மெல்லிய ஊசியும்தான். வலியைப் பொறுத்தவரை நீரின் வகையைவிட இந்த ஊசியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கால்வாயின் கீழ்முனை மிகக் குறுகலானது. அங்கே காற்று சிக்கிக்கொள்கிறது. வாய் குறுகிய மருந்துக் குப்பியைக் குழாயடியில் பிடித்தால் நீர் அடிவரை இறங்காமல் மேலேயே வழிவதைப் போல, மேலிருந்து செலுத்தும் நீரும் கால்வாயின் கடைசி சில மில்லிமீட்டரை எட்டாமல் திரும்பிவிடும். பக்கத் துளை ஊசியிலிருந்து வரும் நீர், ஊசி முனைக்கு அப்பால் ஏறத்தாழ 1 மி.மீ. தூரத்துக்கே பயனுள்ள அளவில் புதுப்பிக்கப்படுகிறது. எனவே ஊசி ஆழமாகப் போயாக வேண்டும். ஆனால் ஆழமாகப் போன ஊசி சுவரில் இறுகிக்கொண்ட நிலையில் சிரிஞ்சை அழுத்தினால், நீர் திரும்பி மேலே வர வழியின்றி நுனித் துளை வழியே எலும்புக்குள் பாய்ந்துவிடும். நன்றாகச் சுத்தம் செய்ய ஆழம் தேவை. ஆழம் கூடக்கூட வெளியே தள்ளும் அபாயமும் கூடுகிறது. கழுவும் முறைகளைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு முரணைச் சுற்றியே நடக்கிறது.

இந்த முரணைச் சமாளிக்கக் கவனமான மருத்துவர் செய்வன இவை:

1. 30 கேஜ் ஊசி, அதாவது வெளி விட்டம் சுமார் 0.3 மி.மீ. உள்ள ஊசி. முனை மூடியிருக்கும், துளை பக்கவாட்டில் இருக்கும். ஆகவே நீர் நேராக நுனியை நோக்கிப் பீறிடாது.
2. கால்வாயின் நீளத்தை மின்னணு அளவியாலும் எக்ஸ்ரேயாலும் அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. குறைவாக ஊசியில் ரப்பர் தடுப்பு வைத்துக்கொள்வது.
3. கட்டைவிரலால் அழுத்தாமல், ஆள்காட்டி விரலால் மெதுவாகச் செலுத்துவது. கட்டைவிரலில் பலம் அதிகம். அழுத்தம் எல்லை மீறுவது கைக்குத் தெரியாது.
4. ஊசியை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாக 2 முதல் 3 மி.மீ. அசைத்துக்கொண்டே இருப்பது. அசைய மறுத்தால் இறுகிவிட்டது என்று பொருள். உடனே சற்று வெளியே எடுக்க வேண்டும்.

இவை தவறி ஹைப்போகுளோரைட் கணிசமாக வெளியேறினால் ஏற்படுவது சாதாரண வலி அல்ல. மரப்பு ஊசி போட்டிருந்தும் அந்த நொடியே பொறுக்க முடியாத எரிவு, நிமிடங்களில் கன்னத்திலோ உதட்டிலோ கண்ணடியிலோ வீக்கம், பின்னர் கருநீலக் கன்றல். அரிதாகவே நிகழும் இந்த விபத்து பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும் என்றாலும், நோயாளிக்கு அது பேரச்சம் தருவது. உள்ளே நீர் பாயும்போது திடீரென எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையை உயர்த்துங்கள். பொறுத்துக்கொள்வது அங்கே நல்ல குணம் அல்ல.

கருவிகள் சேர்ப்பது என்ன?

எதிர்மறை அழுத்த முறையில் நீர் மேலே பல்லின் அறையில் விடப்படுகிறது. நுனிவரை இறக்கிய நுண்குழாய் அதைக் கீழிருந்து உறிஞ்சுகிறது. நீர் தள்ளப்படாமல் இழுக்கப்படுவதால் நுனியைத் தாண்டிக் கசிவது வெகுவாகக் குறைகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றை வேர்ப் பற்களில் இந்த முறையால் கழுவப்பட்டவர்களுக்கு ஊசி முறையைவிட வலி குறைவாக இருந்தது. முதல் நாளில் அவர்கள் எடுத்துக்கொண்ட வலி மாத்திரையும் குறைவு. குறை என்னவென்றால், நுண்குழாய் நுழைவதற்குக் கால்வாயின் நுனிப்பகுதியை 0.35 மி.மீ. அளவுக்காவது அகலப்படுத்த வேண்டும். வளைந்த மெல்லிய கால்வாய்களில் அது எப்போதும் இயலாது.

அல்ட்ராசோனிக் முறையில், நீர் நிரம்பிய கால்வாய்க்குள் மெல்லிய உலோகக் கம்பி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. அதனால் நீரில் எழும் சுழல், ஃபைல் எட்டாத பிளவுகளிலிருந்து கழிவை வெளிக்கொணர்கிறது. கம்பி சுவரில் உராயாமல் இருந்தால்தான் பலன். வளைவில் முட்டினால் அதிர்வு தணிந்துவிடும். சோனிக் கருவிகள் பிளாஸ்டிக் முனையைக் கொண்டு இதே வேலையைக் குறைந்த வேகத்தில் செய்கின்றன. லேசர் முறையில் 2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் லேசர் நீரில் நுண்ணிய ஆவிக்குமிழ்களை உண்டாக்கி, அவை வெடித்து எழுப்பும் அலையால் கழுவுகிறது. கருவி வாங்க வசதியில்லாத இடத்தில், கால்வாயை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற பொருளான கட்டா பெர்ச்சாவின், கால்வாய்க்குப் பொருந்தும் குச்சியைக் கையால் மேலும் கீழும் அசைத்து நீரைக் கலக்கும் எளிய முறையும் உண்டு. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது மேல்.

இவ்வாறு நீரைக் கிளர்த்தும் முறைகள், ஊசியால் மட்டும் கழுவுவதைவிட முதல் ஓரிரு நாள் வலியைக் குறைக்கின்றன என்பதே பல தொகுப்பாய்வுகள் காட்டும் போக்கு. ஆனால் வேறுபாடு நாளாக ஆகச் சுருங்கி, ஒரு வாரத்துக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே "லேசர் ரூட் கெனால் என்றால் வலியே இராது" என்ற வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை. கைதேர்ந்த மருத்துவர் சாதாரண ஊசியால் பொறுமையாகச் செய்வது, விலையுயர்ந்த கருவியை அவசரமாகச் செருகி எடுப்பதைவிட நோயாளிக்கு நல்லது.

செறிவு பற்றிய சர்ச்சை

ஹைப்போகுளோரைட் செறிவு கூடினால் வலி கூடுமா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கூழ் இறந்துவிட்ட கீழ்க்கடவாய்ப்பற்களில் 1.3 விழுக்காடு கரைசலைப் பயன்படுத்தியபோது 5.25 விழுக்காட்டைவிட வலி குறைந்தது. மாறாக, கூழ் உயிரோடு வீங்கியிருந்த கடவாய்ப்பற்களில் நடந்த மற்றோர் ஆய்வில் 5.25 விழுக்காடு கரைசலே 2.5 விழுக்காட்டைவிடக் குறைந்த வலியைத் தந்தது. இவை முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு நிலைமைகள். உயிருள்ள வீங்கிய கூழின் மிச்சம் உள்ளே தங்கினால் அதுவே வலிக்கும். அங்கே வலுவாகக் கரைக்கும் நீருக்குப் பலன் இருக்கலாம். கூழ் இறந்து நுனி எலும்பு அரிக்கப்பட்ட இடத்தில் கசிவைத் தடுக்கும் அரண் பலவீனமாக இருக்கிறது; அங்கே வலுவான நீர் எரிச்சலைக் கூட்டலாம். இந்த விளக்கம் என் கணிப்பு. நெடுநாள் ஆறுதலைப் பொறுத்தவரை, ஹரியானாவின் ரோத்தக் நகரில் 1 விழுக்காட்டையும் 5 விழுக்காட்டையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

குளிர்ந்த உப்புநீர்

எளிமையாலேயே கவனத்துக்கு உரிய முறை இது. சிகிச்சையின் இறுதியில் 2.5 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரூட்டிய உப்புநீரால் சுமார் ஐந்து நிமிடம் கழுவினால், வேரின் வெளிப்புற வெப்பநிலை 10 பாகைக்கு மேல் குறைவதை 2015-இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினர். அடிபட்ட இடத்தில் ஐஸ் வைப்பதன் தத்துவமே இங்கும் செயல்படுகிறது. அதன்பின் நோயாளிகளிடம் நடந்த பல சோதனைகளில், குறிப்பாக முதல் நாள் வலி குறைந்தது. தேவைப்படுவது ஒரு குளிர்சாதனப் பெட்டி மட்டுமே என்பதால், சிறு ஊர் மருத்துவமனைகளிலும் இது சாத்தியம்.

வீட்டுக்கு வந்த பின் வலித்தால்

1. ஒவ்வாமை, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இரத்தம் உறையாமைக்கான மருந்து, கர்ப்பம் ஆகியவை இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இவை இல்லாதவர்களுக்கு ஐபுப்ரோஃபென், தேவைப்பட்டால் அதனுடன் பாராசிட்டமால் என்பதே முதல் தெரிவு. இரண்டும் சேர்ந்து தனித்தனியே தருவதைவிட அதிக நிவாரணம் தருகின்றன. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் ஐபுப்ரோஃபெனைத் தொடக்கூடாது.
2. வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வேர் நுனியில் உள்ள அழற்சி வலியை அது குறைப்பதில்லை. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இருந்தால்தான் அதற்கு இடமுண்டு.
3. கடிக்கும்போது மட்டும் அந்தப் பல் முதலில் இடித்தால், அடைப்பு உயரமாக இருக்கக்கூடும். மருத்துவர் சற்றுத் தேய்த்துவிட்டால் உடனே தெளிவு தெரியும்.
4. மூன்று நாளுக்குப் பிறகு வலி இறங்காமல் ஏறினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் தோன்றினாலோ அதே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
5. தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், கண் மூடுமளவுக்கு முகம் வீங்கினால், வாய் திறக்க முடியாமல் போனால் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அப்போதே செல்ல வேண்டும்.

வாரங்கள் கடந்தும் தீராத வலி

இங்கே கழுவும் முறை மட்டும் காரணமாக இருப்பது அரிது. மேல் தாடையின் முதல் கடவாய்ப்பல்லில் ஒரு வேருக்குள்ளேயே இரண்டாவது கால்வாய் மறைந்திருப்பது மிகச் சாதாரணம். அது கண்டுபிடிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். வேரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். பல்லுக்கு மேல் உறையாகப் பொருத்தும் கேப்பைப் போடாமல் தள்ளிப்போட்டதால் அடைப்பு கசிந்து மீண்டும் கிருமி புகுந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இவை தெரியாமல் போகும், முப்பரிமாண சி.பி.சி.டி. படம் பல நேரம் விடையளிக்கிறது, விரிசலைத் தவிர.

ஆறு மாதத்துக்கு மேலும் வலி நீடிப்பது ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் வலிக்குப் பல் காரணமே அல்ல. தாடை மூட்டு வலி, தசை வலி, சைனஸ் அழற்சி, முகத்தின் உணர்ச்சி நரம்பில் எழும் முப்பெரு நரம்பு வலி, நரம்பே புண்பட்டு எரியும் நிலை ஆகியவை பல்வலியின் வேடத்தில் வருகின்றன. மரப்பு ஊசி போட்ட பின்னும் வலி அப்படியே இருப்பதும், தட்டினாலும் கடித்தாலும் வேறுபாடு தெரியாமல் நாள் முழுதும் எரிச்சலாகத் தொடர்வதும் இதற்கான அடையாளங்கள். இந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் வலி பக்கத்துப் பல்லுக்கு நகர்ந்தது போல் தோன்றி, ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களும் பறிபோகின்றன. ஆகவே பிடுங்கச் சம்மதிக்கும் முன், வேர்ச் சிகிச்சை நிபுணரிடமும், தேவையெனில் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டி, வலியின் மூலம் அந்தப் பல்தானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நரம்பு வலி என்று உறுதியானால், அதற்கென உள்ள மாத்திரைகளே சிகிச்சை.